பதினான்கு வயது திங்க்பேட், பெஹ்ரிங்கர் பெட்டி, ரீப்பர்: கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் எட்டு மாதப் பாவனை

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு கதைப்போம். வீட்டில் பாட்டு ரெக்கோர்ட் பண்ணுவதற்குப் புதுக் கொம்பியூட்டர் தேவையில்லை. எனக்கும் இது தெரியாமல்தான் ஒரு வருசமாகக் காசு சேர்க்கிறேன் சேர்க்கிறேன் என்று சும்மா இருந்தேன். இப்போது நான் பாவிப்பது 2011இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி420. ஐ5 இரண்டாம் தலைமுறை, இரண்டே கோர். முன்பு வேலை செய்த ஒஃபிஸில் பழசுகளைக் கழித்தபோது கிட்டத்தட்டச் சும்மா கிடைத்தது. மூடியில் ஒரு மூலை உடைந்திருக்கிறது, பற்றரி முக்கால் மணித்தியாலம் நின்றால் பெரிய காரியம். அதோடு மைக்கின் ஒலியைக் கொம்பியூட்டருக்குள் கொண்டுபோகிற ஒரு பெட்டி, பெஹ்ரிங்கர் யூஎம்சி202எச்டி ஓடியோ இண்டர்ஃபேஸ், ரீப்பர் என்ற ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயார், ஒரு மைக். இவ்வளவையும் சேர்த்து எட்டு மாதம் பாவித்த பிறகு எழுதுகிறேன். எல்லாம் என் காசில் எடுத்தவை, யாரும் தந்து எழுதச் சொல்லவில்லை.

தொடங்கியது அண்ணாவால். அவர் டொரொண்டோவில். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்துவிட்டுத் தேவாரம் பாடுவார், அதை ஃபோனில் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நாலைந்து தரம் கேட்டுவிட்டு அண்ணா ஒருநாள் சொன்னார், "டேய், அம்மா கிணத்துக்குள்ள நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கு." உண்மைதான். எங்கள் ஹோல் முழுக்கத் தரை ஓடு, ஒரு பக்கம் கண்ணாடி யன்னல், ஃபோனை வைத்தது ஆறடி தள்ளி டீவி ஸ்டாண்டில். வொயிஸ் மெசேஜாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதை இன்னும் நசுக்கும். கிணறு என்று சொன்னதே மரியாதையான வார்த்தை.

சரி என்று லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். கவுண்டரில் நின்ற தம்பி அதைத் திறக்கக்கூட இல்லை, மூடியைப் பார்த்தவுடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அண்ணன், இது முடிஞ்ச மெஷின். இதுல யூஎஸ்பி த்ரீயும் இல்ல. ரெக்கோர்டிங் எண்டா ஆகக் குறைஞ்சது ஐ7, பதினாறு ஜீபி ரெம்." கொட்டேஷன் ஒன்றும் அடித்துத் தந்தார். அந்தக் காசுக்கு அம்மாவையே டொரொண்டோவுக்கு அனுப்பி அண்ணாவுக்கு முன்னால் பாட வைத்திருக்கலாம்.

யூஎஸ்பி த்ரீ கதையை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் இரண்டு சனல் பதிந்தால் ஒரு செக்கனுக்குப் போவது ஏறத்தாழ 2.3 மெகாபிட். யூஎஸ்பி 2இன் கொள்ளளவு 480 மெகாபிட். காலி வீதி முழுவதையும் மூடிவிட்டு ஒரே ஒரு சைக்கிளை விடுவது போல. ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான்: 24 பிட், 44.1இல் ஒரு மோனோ ட்ராக் ஒரு நிமிடத்துக்கு எட்டு எம்பிதான் பிடிக்கும், பதினாறு ட்ராக்கை ஒன்றாக ஓடவிட்டாலும் செக்கனுக்கு இரண்டு எம்பி சொச்சம். பதினைந்து வருசத்துக்கு முந்திய சுழலும் டிஸ்க்குக்கே அது பெரிய விசயமில்லை. குரலைப் பதிவது கொம்பியூட்டருக்கு ஒரு வேலையே இல்லை. அதை மூச்சுத்திணற வைப்பவை வேறு: விர்ச்சுவல் பியானோ, ட்ரம் மாதிரியான இன்ஸ்ட்ருமென்ட்கள், ஒவ்வொரு ட்ராக்கிலும் அடுக்குகிற எஃபெக்ட்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் ஸ்ருதியும் மட்டும்தான்.

இது எல்லாம் விளங்குவதற்கு முன் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். புறக்கோட்டையில் நடைபாதைக் கடை ஒன்றில் "7.1 சவுண்ட் கார்ட்" என்று பெருவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி துண்டும், அதற்குப் பொருந்தும் என்று ஒரு "ஸ்டூடியோ மைக்"கும் எடுத்தேன். மைக் பெரிதாக, தங்க நிறத்தில், பார்க்க வடிவாக இருந்தது. கொண்டுவந்து குத்தினால் அம்மாவின் குரலைவிட லெப்டொப்பின் வயிற்றுக்குள் நடக்கும் சத்தங்கள்தான் கேட்டன. மவுஸை அசைத்தால் ஒரு கீச்சு, ஸ்க்ரீன் மாறினால் வேறொரு கீச்சு. அந்த மைக் இப்போது மகளின் விளையாட்டுச் சாமான் பெட்டியில் இருக்கிறது, அவள் அதில்தான் செய்தி வாசிக்கிறாள்.

இனி பெட்டியின் கதை. யூஎம்சி202எச்டி கைக்கடக்கமான உலோகப் பெட்டி. முன்பக்கம் இரண்டு ஓட்டை, ஒவ்வொன்றிலும் எக்ஸ்எல்ஆர் மைக் வயரும் போகும், கால் அங்குல ஜக்கும் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒலியைப் பெருக்க ஒரு தனி கெய்ன் குமிழ், லைனா இன்ஸ்ட்ருமென்டா என்று மாற்ற ஒரு பொத்தான், சத்தம் மிஞ்சினால் அடக்க ஒரு பேட் பொத்தான். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் இருக்கிறது, இரண்டு ஓட்டைக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஅம்ப் மிடாஸ் கம்பனி வடிவமைத்தது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் வரை போகும், ஆனால் 192 எல்லாம் எங்களுக்கு எதற்கு, நான் 44.1ஐத் தாண்டியதே இல்லை. கரண்ட் யூஎஸ்பி வழியாகவே வருகிறது, தனி அடப்டர் இல்லை. இது சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனால் பழைய வீட்டு வயரிங்கில் ஒரு பிளக் குறைந்தால் ஒரு இரைச்சல் குறையும்.

இதே கம்பனியின் சின்னப் பெட்டி யூஎம்சி22 விலை குறைவு, கொழும்புக் கடைகளில் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அது 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸோடு நிற்கும், விண்டோஸில் அதற்கு ஏசியோ4ஓல் என்ற பொது ட்ரைவரைத்தான் போடவேண்டும். 202எச்டிக்குத் தன் சொந்த ஏசியோ ட்ரைவர் உண்டு. புது மெஷினில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். பழைய மெஷினில் காசு கொடுப்பதே அந்த ட்ரைவருக்குத்தான்.

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மைக்கில் பாடுகிற குரல் கொம்பியூட்டருக்குள் போய், சொஃப்ட்வெயாரைச் சுற்றி, ஹெட்போனுக்குத் திரும்பி வர ஒரு தாமதம் எடுக்கும். விண்டோஸின் சாதாரண ஒலிப் பாதையால் போனால் என் மெஷினில் அது பத்தில் ஒரு செக்கனையும் தாண்டியது. பாடுகிறவருக்கு அது எதிரொலி. பாடவே ஏலாது. இந்தச் சுற்றுவழியை வெட்டத்தான் 1997இல் ஸ்டைன்பேர்க் கம்பனி ஏசியோவைக் கொண்டுவந்தது. அதில் பஃபர் என்று ஒரு எண் வைக்கலாம், ஒலியை ஒரு தரத்துக்கு எத்தனை துண்டாகச் சேர்த்து அனுப்புவது என்பது. 44.1இல் 256 வைத்தால் ஒரு வழிக்கு 5.8 மில்லிசெக்கன், 1024 வைத்தால் 23. உள்ளே ஒருதரம், வெளியே ஒருதரம், நடுவில் சில்லறையும் சேரும். 10 மில்லிசெக்கனில் ஒலி காற்றில் மூன்றரை மீட்டர் போகும், அதாவது உங்கள் குரல் அறையின் மற்ற மூலையில் இருந்து வருவது போலக் கேட்கும். எண்ணைக் குறைத்தால் தாமதம் குறையும், ஆனால் பழைய ப்ரொசசர் மூச்சு வாங்கி இடையிடையே "டிக்" என்று விடும். அந்த டிக் ரெக்கோர்டிங்கில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இதில் மாட்டிக்கொண்டுதான் ஆட்கள் புது மெஷின் வாங்குகிறார்கள். தேவையே இல்லை. பெட்டியில் டைரக்ட் மொனிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமர்த்தினால் மைக்கில் போவது கொம்பியூட்டரைச் சுற்றி வரக் காத்திராமல் பெட்டிக்குள்ளேயே திரும்பி நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும், தாமதம் என்ற பேச்சே இல்லை. சொஃப்ட்வெயாரில் மொனிட்டரிங்கை அணைத்துவிட வேண்டும், மறந்தால் குரல் இரண்டு தரம் கேட்கும். பிறகு பஃபரை 1024இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், மெஷின் எவ்வளவு கிழடாக இருந்தாலும் கவலையில்லை. எட்டு மாதத்தில் இந்த முறையில் எனக்கு ஒரு டிக்கூட விழவில்லை. ஒரு குறை, 202எச்டியில் அது வெறும் ஆன்-ஓஃப் பொத்தான். குரல் எவ்வளவு, பின்னணி எவ்வளவு என்று கலக்கிற குமிழ் வேண்டும் என்றால் அடுத்த படியான 204எச்டிக்குப் போகவேண்டும். மிடி ஓட்டையும் அதில்தான். கீபோர்ட்காரர்கள் கவனிக்க.

ரீப்பரைப் பற்றி நீட்டி முழக்க ஆசை, அடக்கிக்கொள்கிறேன். வின்அம்ப் ஞாபகம் இருக்கிறதா? புறக்கோட்டையில் எம்பி3 சீடி வாங்கி வந்து அதில் போட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். அதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் ரீப்பரையும் எழுதியவர், அந்தக் கை தெரிகிறது. மற்ற ஸ்டூடியோ சொஃப்ட்வெயார்கள் ஜீபி ஜீபியாக இறங்கும், இது நாலைந்து பாட்டு எம்பி3 அளவுக்குள் முடிந்துவிடும். நான் திங்க்பேட்டில் ஐகனைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது. 60 நாள் முழுசாகப் பாவித்துப் பார்க்கலாம், எதையும் பூட்டி வைக்கமாட்டார்கள். வீட்டுப் பாவனைக்கு லைசன்ஸ் 60 டொலர். ரூபாயில் பார்த்தால் கனதிதான், நான் மூன்றாம் மாதம் அண்ணாவின் கார்ட்டில் கட்டினேன், அவர் கேட்ட வேலைக்கு அவரே கட்டட்டும்.

கூடவே வருகிற ஈக்யூ (தொனியைக் கூட்டிக் குறைப்பது), கொம்ப்ரெசர் (சத்த ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்துவது) எல்லாம் பார்க்க ஒரு வடிவும் இல்லை, சாம்பல் பெட்டிக்குள் நாலு கோடு. ஆனால் ப்ரொசசரைத் தொட்டும் பார்க்காது. பழைய மெஷினில் இரண்டு பழக்கம் வேண்டும். ஒன்று, ரிவேர்ப் என்கிற எதிரொலி எஃபெக்டை ஒவ்வொரு ட்ராக்கிலும் போடாமல் தனி ட்ராக் ஒன்றில் போட்டு மற்றவற்றை அதற்கு அனுப்புவது. இன்னொன்று, வேலை முடிந்த ட்ராக்கை ஃப்ரீஸ் பண்ணுவது. பண்ணியதும் எஃபெக்ட் எல்லாம் ஒலியோடு ஒட்டி, கணக்கு ஒன்றும் போடத் தேவையில்லாத வெறும் ஃபைலாகிவிடும், திருத்த வேண்டுமென்றால் திரும்ப உருக்கலாம். என் மச்சான் ஒருவன் ஒடாசிட்டிதான் காணும் என்கிறான். ஒரே மூச்சில் ஒரு ஆள் பாடுவதை எடுக்கத் தாராளமாகக் காணும், இலவசமும்கூட. ஆனால் நான் தொடங்கியபோது வழமையாக டவுன்லோட் பண்ணிப் போடுகிற விண்டோஸ் ஒடாசிட்டியில் ஏசியோ இருக்கவில்லை, லைசன்ஸ் பிரச்சினை. அதனால் நான் இந்தப் பக்கம்.

லெப்டொப்பில் செய்த சத்திரசிகிச்சை கொஞ்சம்தான். நாலு ஜீபி ரெம்மை எட்டாக்கினேன். டிஸ்க்கைக் கழற்றி 240 ஜீபி எஸ்எஸ்டி போட்டேன். மேலே சொன்ன கணக்குப்படி வேகத்துக்காக அது தேவையில்லை, நான் போட்டது சத்தத்துக்காக. பழைய டிஸ்க் கறகற என்று கடிக்கும், மைக் மூன்றடியில் இருக்கிறது. வின்டோஸ் 10தான் ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, இந்த மெஷின் 11க்குப் பொருந்தாது. ஆகவே இதை நான் இன்டர்நெட்டில் இருந்தே கழற்றிவிட்டேன், ரெக்கோர்டிங்குக்கு மட்டும்தான். அதில் ஒரு எதிர்பாராத நன்மை: டைரக்ட் மொனிட்டர் முறைக்கு வருமுன் இடையிடையே விழுந்த டிக்குகளுக்குக் காரணம் என்னவென்று லேட்டன்சிமொன் என்ற இலவசச் சாமானை ஓடவிட்டுப் பார்த்தால், குற்றவாளி வைஃபை ட்ரைவர். ப்ரொசசர் பாவம், அது பத்து வீதம்கூட வேலை செய்யவில்லை. வைஃபையை அணைத்தேன், புளூடூத்தையும் கமராவையும் முடக்கினேன், பவர் ப்ளானை ஹை பெர்ஃபோமன்ஸ் ஆக்கினேன், யூஎஸ்பியை நித்திரையாக்குகிற செட்டிங்கை நிறுத்தினேன். முடிந்தது. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு அதிலும் ரீப்பர் இருக்கிறது, எனக்குப் பொறுமை இல்லை.

இதற்குப் பிறகு வந்த கரைச்சல் எதுவும் கொம்பியூட்டரால் வந்ததில்லை. எல்லாம் வெள்ளவத்தையால் வந்தது.

முதல் இரவு ஹெட்போனைப் போட்டுக் கெய்னை ஏற்றினால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அந்தச் சுருதியில் ஒரு பேய் உட்கார்ந்து பாடுவது மாதிரி. லெப்டொப் சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறது, போட்டால் வருகிறது. பிடித்துக்கொண்டு போனால் பழைய உருண்டை முள் எக்ஸ்டென்ஷன் ஒன்று, எர்த் வயரே இல்லாதது. சதுர முள் பிளக்கோடு நல்லதாக ஒன்று எடுத்து நேரே சுவர் சொக்கெட்டில் குத்தியவுடன் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் "ஸ்ஸ்ர்ர்" என்று ஒன்று, அது ஃபேன் ரெகுலேட்டர். அதை அணைத்தால் அது போய்விடும், ஆனால் ஏப்ரல் மாதம் கொழும்பில் ஃபேனில்லாமல் யன்னலைச் சாத்திவிட்டு எழுபத்தாறு வயது அம்மாவை எவ்வளவு நேரம் இருத்தலாம்? ஒரு தேவாரம், பிறகு ஃபேன், தண்ணி, பிறகு அடுத்த தேவாரம். பற்றரி முக்கால் மணித்தியாலம் நிற்கும் என்றேனே, முக்கியமான டேக்குகளை அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அடுத்தது ரயில். மரின் ட்ரைவுக்கும் எங்களுக்கும் இடையில் இரண்டு ஒழுங்கைதான். ரயில் வந்தால் காதுக்குக் கேட்பதற்கு முன்பே மைக்குக்குக் கேட்கும், தரையால் ஏறி ஸ்டாண்ட் வழியாக வரும். ஸ்டாண்டின் காலுக்குக் கீழே பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தேன், ரீப்பரில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஈக்யூவால் வெட்டினேன், அம்மாவின் குரல் அவ்வளவு கீழே போகாது. காகங்களுக்கு மருந்தில்லை. கொழும்புக் காகங்களைத் தவிர்க்க வேண்டும் என்றால் இரவில் பாட வேண்டும், அம்மா ஒன்பதுக்குப் படுத்துவிடுவார். ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் ஒரு மணித்தியாலம், அதுதான் எங்கள் ஸ்டூடியோ நேரம்.

ஒருநாள் விடிய நல்ல குளிர்ச்சி, மழை விட்டிருந்தது, அம்மாவும் "இப்ப பாடுவமே" என்று தானாகவே வந்து கதிரையில் உட்கார்ந்தார். குரல் அவ்வளவு திறம். கடைசி அடிக்கு வந்தபோது சூன் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, வெளியில் இருப்பவர்களுக்கு: பாண், பணிஸ் விற்கிற முச்சக்கரவண்டி, பீத்தோவன் மெட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வரும். அம்மா இப்போது பாடுவது நாலரைக் கட்டைச் சுருதியில். பீத்தோவன் அதை எழுதியது ஏ மைனரில், எங்கள் கணக்குக்கு ஆறு கட்டை. இரண்டும் சேர்ந்து கேட்டவர் பாவம். அம்மா நிறுத்தவும் இல்லை, திருச்சிற்றம்பலம் சொல்லி முடித்துவிட்டுத்தான் "ரெண்டு மாலு பணிஸ் வேண்டு" என்றார். அதுவும் பதிவில் இருக்கிறது.

மைக் விசயத்தில் நான் பெரும்பாலானவர்களோடு ஒத்துப்போகமாட்டேன். பாட்டு என்றால் கண்டென்சர்தான் என்பார்கள். ஸ்டூடியோவில் சரி. தரை ஓடும் கண்ணாடியும் காகமும் உள்ள வீட்டில் கண்டென்சர் எல்லாவற்றையும் அன்போடு பிடித்து வைக்கும். நான் எடுத்தது ஷுவர் எஸ்எம்58, 1966இல் இருந்து அநேகமாக அதே உருவத்தில் வருகிற டைனமிக் மைக், கோயில் திருவிழா மேடைகளில் எல்லாரும் கையில் பிடிக்கிறது அதுதான். வாயில் இருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். மிகக் கிட்டப் போனால் அடித்தொனி ஊதிப்போகும். சிணுக்கமான மேல் சுரங்கள் கண்டென்சரில் வருகிற அளவுக்குப் பளிச்சென்று வராது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அறை வராது. டைனமிக் மைக்கின் வெளியீடு மெல்லியது, பெட்டியில் கெய்னை முக்காலுக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கிறது, அந்த உயரத்தில் மெல்லிய காற்றுச் சத்தம் ஒன்று கேட்கத்தான் செய்யும், ஸ்ருதி ஓடும்போது மறைந்துவிடும். எப்படியிருந்தாலும் போலி எஸ்எம்58 சந்தையில் நிறைய, விலை சந்தேகமாக மலிவாக இருந்தால் வேண்டாம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று, உப்புக் காற்று மைக்கின் முள்ளுகளையும் வயரையும் தின்னும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பக்கற்றை எறியாதீர்கள்.

எதிரொலிக்கு ஃபோம் வாங்கவில்லை. பாடுகிறவருக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வைத்து, மைக்குக்குப் பின்னால் சேலை அலுமாரியைத் திறந்துவிட்டேன். அம்மாவின் நாற்பது வருசச் சேலைகள், இதைவிட நல்ல ஒலி உறிஞ்சி எந்தக் கடையில் கிடைக்கும்?

ஸ்ருதிதான் கடைசிச் சண்டை. ஸ்ருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் அதுவும் மைக்கில் விழும், பிறகு குரலை மட்டும் எடுத்து வேலை செய்ய முடியாது. ஆகவே ஃபோனில் தம்புரா அப்பை ஓடவிட்டு, அதன் வயரைப் பெட்டியின் இரண்டாவது ஓட்டையில் லைனாகக் குத்தினேன். ஹெட்போனில் இரண்டும் கேட்கும், பதியும்போது தனித்தனி ட்ராக். "காதை அடைச்சுக்கொண்டு என்னெண்டு ராசா பாடுறது?" என்று அம்மா ஒரு கிழமை ஹெட்போனைத் தொடவே இல்லை. கடைசியில் ஒரு காதில் மட்டும், மற்றக் காது திறந்து. அதற்குத்தான் அந்த டைரக்ட் மொனிட்டர் பொத்தானைக் கும்பிடுகிறேன், ஒரு காதில் சொந்தக் குரல் பிந்தி வந்திருந்தால் அம்மா அன்றைக்கே எழும்பிப் போயிருப்பார்.

அளவு வைக்கும்போது பயந்து குறைவாக வையுங்கள். 24 பிட்டில் காகிதக் கணக்குக்கு 144 டெசிபெல் இடம் இருக்கிறது, 16 பிட்டில் 96. அம்மா சாதாரணமாகப் பாடும்போது மீட்டர் மைனஸ் 18ஐச் சுற்றி ஆடுமாறு விடுகிறேன். அம்மா மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது மைனஸ் 6 வரை வரும், சிவப்பைத் தொடாது. பிறகு ஏற்றிக்கொள்ளலாம், வெடித்ததை ஒட்ட முடியாது. வெட்டி ஒட்டுவதிலும் ஒன்று படித்தேன். சினிமாப் பாட்டு மாதிரி எங்கே வேண்டுமானாலும் வெட்டி அடுத்த டேக்கை ஒட்ட இது சரிவராது. விருத்தமாகப் பாடும்போது தாளக்கட்டு இல்லை, கிளிக் ட்ராக்கும் இல்லை, ஒவ்வொரு தரமும் இழுவை வேறு. அடிக்கும் அடிக்கும் இடையில் மூச்சு எடுக்கிற இடத்தில் மட்டும்தான் கத்தி வைக்கலாம், அந்த மூச்சையும் எடுத்துவிடக் கூடாது. நான் ஒருதரம் மூச்சுகளை எல்லாம் சுத்தமாகத் துடைத்து அனுப்பினேன், அண்ணா "இது ஆர் பாடினது?" என்று கேட்டார்.

மாமாவின் மிருதங்கமும் ஒரு நாள் எடுத்தோம். இரண்டு ஓட்டையும் அதற்கே சரி, வலது பக்க வலந்தலைக்கு ஒன்று இடது பக்கத் தொப்பிக்கு ஒன்று, தொப்பிப் பக்கம் பேட் பொத்தான் அமர்த்தித்தான். வந்தது கேட்கக்கூடியதாக இருக்கிறது, அதற்கு மேல் சொல்லமாட்டேன், சாப்பு என்கிற அடிக்கு எஸ்எம்58 காணாது. வயலின், வீணை பதிய நினைப்பவர்களும், ஒரே நேரத்தில் நாலு பேரை இருத்திப் பதிய நினைப்பவர்களும் இந்தப் பெட்டியை எடுக்க வேண்டாம். முதல் ஆட்களுக்கு நல்ல கண்டென்சரும் அமைதியான அறையும் வேண்டும், இரண்டாவது ஆட்களுக்கு ஓட்டை காணாது.

விலை: பெட்டி நான் எடுத்தபோது முப்பதாயிரம் சொச்சம் ரூபா, டொலரோடு ஏறி இறங்கும், கடைக்குக் கடை ஐயாயிரம் வித்தியாசம் கேட்டார்கள். எஸ்எஸ்டியும் ரெம்மும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். மைக்தான் ஆக விலை. எல்லாம் கூட்டினாலும் அந்தக் கொட்டேஷனில் பாதிக்கும் கீழே. காசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றால் முதலில் பெட்டி, பிறகு மைக், பிறகு நல்ல எக்ஸ்டென்ஷன் கோட், எஸ்எஸ்டி கடைசி. வாரன்டி கடிதத்தைக் கடை முத்திரையோடு வாங்குங்கள்.

இப்போது பதினொரு தேவாரம் முடிந்திருக்கிறது. அண்ணாவுக்கு டிரைவில் ஏற்றி அனுப்புகிறேன், வாட்ஸ்அப் என்றால் டொக்கியுமென்டாக. சூன் பாண் வந்ததையும் தனியாக அனுப்பச் சொன்னார். கேட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார்: அப்பா எண்பதுகளில் பதிந்து வைத்த கசட் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது, அதையும் ஏற்றித் தா என்கிறார். பெட்டிக்கு அது சுலபம், கசட் டெக்கின் லைன் அவுட்டை இரண்டு ஓட்டையிலும் குத்தி லைன் பொத்தானில் வைத்தால் போதும். டெக்தான் இல்லை. வீட்டில் இருந்ததன் பெல்ட் களிம்பாக உருகிப்போய்க் கிடக்கிறது. கொழும்பில் யாராவது வேலை செய்கிற கசட் டெக் வைத்திருந்தால், அல்லது இன்னமும் பெல்ட் மாற்றித் தருகிற றிப்பேர்காரர் ஒருவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் இருந்து தெஹிவளை வரை நானே தூக்கிக்கொண்டு வருவேன், அதற்கு அப்பால் என்றால் ஓட்டோ.